ஆகாயத்தில் போன கேப்டன் பதவி



போன பொங்கலுக்கு நம் வளாகத்தில் ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடந்த டென்னிஸ் பந்து மேட்ச் உங்களுக்கு நினைவிருக்கும். பத்தாவது ஓவரில் ஒரு ரன் அவுட். பேட் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று இருபது நிமிடம் வாக்குவாதம். கடைசியில் பாத்திரத்தில் இருந்த சர்க்கரைப் பொங்கல்தான் ஆறிப்போனது. அன்று அம்பயராக நின்றவர், பி பிளாக் பேட்ஸ்மேனின் சொந்த மாமனார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் யாரும் முன்வராததால், நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம்.

அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒருவரின் நினைவு வந்தது. நம் செயலாளர் இந்த இதழுக்கு "ஏதாவது எழுதுங்க சார்" என்று கேட்டதும் அவரைப் பற்றியே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எஸ். வெங்கட்ராகவன். முழுப்பெயர் சீனிவாசராகவன் வெங்கட்ராகவன். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு "வெங்கட்" என்றாலே போதும். இளையவர்கள் அவரை வெள்ளைத் தொப்பி போட்ட அம்பயராக டி.வி.யில் பார்த்திருக்கலாம். அவர் இந்திய அணிக்கு கேப்டனாக இருந்தவர் என்று சொன்னால் என் பேரன் நம்பவில்லை. செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவர் கேப்டனா ஒரு டெஸ்ட்கூட ஜெயிக்கலையே" என்றான்.

உண்மைதான். ஐந்து டெஸ்டுக்குத் தலைமை தாங்கினார். இரண்டு தோல்வி, மூன்று டிரா. வெற்றிப் பத்தியில் பூஜ்யம். வங்கியில் முப்பத்தைந்து வருடம் பற்று வரவு எழுதியவன் நான். கணக்கில் உள்ளதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேரேட்டை மூடக்கூடாது என்பதும் அதே வேலையில் கற்றதுதான்.

வெங்கட் 1945-ஆம் வருடம் ஏப்ரல் 21-ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து இன்ஜினீயரானவர். 1965 பிப்ரவரியில் நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. நான்கு டெஸ்ட் கொண்ட அந்தத் தொடரில் 21 விக்கெட். கடைசி டெஸ்ட் டெல்லியில். முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8, இரண்டாவதில் 80 ரன்னுக்கு 4. ஒரே ஆட்டத்தில் 12 விக்கெட், இந்தியாவுக்கு வெற்றி. அந்த 8 விக்கெட்தான் கடைசிவரை அவருடைய சிறந்த பந்துவீச்சாக இருந்தது. வேலையில் சேர்ந்த மாதமே வாங்கிய பாராட்டுக் கடிதத்தை அதன்பின் ஒருவர் மிஞ்சவே இல்லை என்பது போல.

மிஞ்ச முடியாததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள். பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட். நால்வரும் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு டெஸ்டில், 1967-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். மற்ற நேரமெல்லாம் பெரும்பாலும் மூவருக்குத்தான் இடம். பேடி இடது கை, சந்திரசேகர் லெக் ஸ்பின், இருவரும் தனி ரகம். பிரசன்னாவும் வெங்கட்டும் ஒரே ரகம், ஆஃப் ஸ்பின். ஆக, ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். பிரசன்னா பந்தை மேலே மிதக்கவிட்டு ஆளை ஏமாற்றுவார். வெங்கட் உயரமானவர், பந்து கொஞ்சம் வேகமாக, தட்டையாக, அளவு தப்பாமல் விழும். ரசிகர்களுக்குப் பிரசன்னாவைப் பிடிக்கும். ரன் கொடுக்காமல் ஒரு முனையைப் பூட்டிவைக்க வேண்டுமென்றால் வெங்கட். கூடவே ஸ்லிப்பிலும் பேட்ஸ்மேன் பக்கத்திலும் நின்று நல்ல காட்ச் பிடிப்பார், கடைசியில் வந்து கொஞ்சம் பேட்டும் பிடிப்பார். ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் வெளியே. இந்த இழுபறி பத்து வருடத்துக்கு மேல் நடந்தது.

இடையில் 1969-இல் பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் ஒரு சம்பவம். ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட். இந்தியா தடுமாறிக்கொண்டிருந்த இரண்டாவது இன்னிங்ஸில், வெங்கட் விக்கெட் கீப்பரிடம் காட்ச் என்று அம்பயர் கை தூக்கிவிட்டார். பந்து பேட்டில் படவில்லை என்று ரேடியோ வர்ணனையாளர் சொன்னார். மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் காதோரம் டிரான்சிஸ்டர் வைத்திருந்த காலம் அது. கேட்டதும் கொதித்துவிட்டார்கள். நாற்காலிகளுக்குத் தீ வைத்தார்கள், பாட்டில்கள் பறந்தன, புகை மூட்டத்துக்கு நடுவே ஆட்டம் நடந்தது. வெங்கட் எதுவும் பேசாமல் பேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1971 அவருக்கும் இந்தியாவுக்கும் நல்ல வருடம். கேப்டன் அஜித் வாடேகர். அவர் ஸ்டேட் வங்கி அதிகாரி என்பதை வங்கிக்காரன் என்ற முறையில் இங்கே சொல்லாமல் போகமாட்டேன். வெங்கட் துணை கேப்டன். மேற்கிந்தியத் தீவுகளில் கவாஸ்கர் என்ற புதுப் பையன் நான்கு டெஸ்டில் 774 ரன் குவித்தார். அதை எல்லோரும் சொல்வார்கள். அதே தொடரில் 22 விக்கெட் எடுத்தவர் வெங்கட். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதல்முறையாக ஒரு டெஸ்டில் தோற்கடித்தபோது இரண்டாவது இன்னிங்ஸில் அவருக்கு ஐந்து விக்கெட். அதே ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101-க்குச் சுருட்டினார். அந்த டெஸ்டின்போது விநாயகர் சதுர்த்திக்காக நம் ரசிகர்கள் மிருகக்காட்சி சாலையிலிருந்து ஒரு யானையையே மைதானத்துக்குக் கூட்டிவந்தார்களாம். அந்த இன்னிங்ஸில் ஆலன் நாட் கொடுத்த காட்சை ஷார்ட் லெக்கில் சோல்கர் பாய்ந்து பிடிக்கும் புகைப்படம் இன்றும் சுற்றுகிறது. படத்தில் சோல்கரைத்தான் பார்ப்பீர்கள். பந்து போட்டவர் வெங்கட்.

எப்போதும் இப்படித்தான் அவர் கதை. படம் ஒருவருக்கு, பந்து இவருக்கு.

இனி கேப்டன் பதவிக்கு வருகிறேன்.

1974 டிசம்பர். மேற்கிந்தியத் தீவுகள் இந்தியாவுக்கு வந்திருந்தது. கேப்டன் பட்டோடிக்குக் காயம். டெல்லி டெஸ்டுக்கு வெங்கட் கேப்டன். எதிரே ரிச்சர்ட்ஸ் என்ற இளைஞர், தன் இரண்டாவது டெஸ்டில், ஆட்டமிழக்காமல் 192 அடித்தார். இந்தியா இன்னிங்ஸ் தோல்வி. அடுத்த டெஸ்ட் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில். பட்டோடி திரும்பி வந்தார். வெங்கட் என்ன ஆனார் தெரியுமா? பன்னிரண்டாவது ஆள். போன டெஸ்டில் டாஸ் போட்டவர் இந்த டெஸ்டில் பதினொருவரில் இல்லை. கல்கத்தாவில் இந்தியா ஜெயித்தது. ஆகையால் அவரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்க ஆளில்லை.

ஆனாலும் 1975-இல் முதல் உலகக் கோப்பைக்கு அவரையே கேப்டனாக அனுப்பினார்கள். லார்ட்ஸில் இங்கிலாந்து 60 ஓவரில் 334 அடிக்க, கவாஸ்கர் 60 ஓவரும் நின்று ஆட்டமிழக்காமல் 36 எடுத்தார். இந்தியா 132. கேட்டாலே சிரிப்பு வரும் ஸ்கோர். ஒரு நாள் ஆட்டம் என்றால் என்னவென்று அப்போது நம் ஆட்களுக்குப் பிடிபடவில்லை, கேப்டனுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் நான்கு நாள் கழித்து, ஜூன் 11-ஆம் தேதி, லீட்ஸில் கிழக்கு ஆப்பிரிக்காவை இந்தியா பத்து விக்கெட்டில் வென்றது. சர்வதேச ஒரு நாள் போட்டியில் இந்தியாவின் முதல் வெற்றி அது. என் பேரன் பார்த்த பட்டியலில் டெஸ்ட் வெற்றி இல்லாமல் இருக்கலாம். இந்தியாவின் ஒரு நாள் போட்டிக் கணக்கில் முதல் வரவை எழுதிய கேப்டன் இவர்தான்.

1979. கதையின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அதற்கு முந்தைய பருவத்தில் கவாஸ்கர் கேப்டனாக இருந்து, மேற்கிந்தியத் தீவுகளை உள்நாட்டில் 1-0 என்று வென்றிருந்தார். அவரே 732 ரன் அடித்திருந்தார். ஜெயித்த கேப்டனை மாற்றுவார்களா? மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவில் கெர்ரி பாக்கர் என்ற டி.வி. முதலாளி தனியாக நடத்திய போட்டிகளுக்குக் கவாஸ்கர் போய்விடுவார் என்ற சந்தேகம்தான் காரணம் என்று அப்போது பேச்சு. ஆக, இங்கிலாந்துக்குக் கேப்டன் வெங்கட். இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயமாகாது. பின்னால் வெங்கட்டுக்கு நடந்தது முதலில் கவாஸ்கருக்கும் நடந்ததுதான்.

உலகக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி. அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லாத இலங்கையிடமும் தோற்றோம். முதல் டெஸ்டில் இன்னிங்ஸ் தோல்வி. லார்ட்ஸில் 96-க்கு ஆல் அவுட் ஆகி, பிறகு விஸ்வநாத்தும் வெங்சர்க்காரும் ஆளுக்கொரு சதம் அடித்து மானத்தைக் காப்பாற்றினார்கள். லீட்ஸில் மழை. கடைசி டெஸ்ட் ஓவலில்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் மில்லில் மேஸ்திரியாக இருந்த ஒருவர் வீட்டில் நல்ல ரேடியோ உண்டு. சிற்றலையில் பி.பி.சி. எடுக்கும். ஏரியல் கம்பியைத் தென்னை மரத்தில் கட்டியிருப்பார். உடுமலைக் காற்று உங்களுக்குத் தெரியும். ஆடி முடிந்தும் ஓயாது. கணவாய்க் காற்று ஒரு வீச்சு வீசினால் மரம் ஆடும், மரம் ஆடினால் வர்ணனை கரகரவென்று போய்விடும். காற்று நின்றால் லண்டன் மறுபடி வரும். 1979 செப்டம்பர் 4-ஆம் தேதி இரவு திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம்.

இந்தியாவுக்கு இலக்கு 438. அதுவரை டெஸ்டில் யாரும் அவ்வளவு துரத்தி ஜெயித்ததில்லை. இன்றுவரையும் இல்லை. இன்றைய சாதனை 2003-இல் மேற்கிந்தியத் தீவுகள் எடுத்த 418. கவாஸ்கரும் சேத்தன் சௌகானும் முதல் விக்கெட்டுக்கு 213. சௌகான் 80-இல் போனதும் வெங்சர்க்கார் வந்தார். நம் ஊர் நேரம் இரவு பத்து மணி இருக்கும், கடைசி 20 ஓவர் தொடங்கியபோது ஒரு விக்கெட்டுக்கு 328. இன்னும் 110 ரன், ஒன்பது விக்கெட் கையில். ராத்திரி ஷிப்டுக்குச் சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று, "ஸ்கோர் என்னங்க ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "ஜெயிச்சுருவோமுங்க" என்று மேஸ்திரி எல்லோருக்கும் உறுதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

366-இல் வெங்சர்க்கார் அவுட். அடுத்து விஸ்வநாத் வருவார் என்று எல்லோரும் நினைத்தோம். கேப்டன் வெங்கட் இளைஞர் கபில்தேவை அனுப்பினார், வேகமாக அடிக்கட்டும் என்று. கபில் பூஜ்யம். திண்ணையில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். எட்டு மணி நேரத்துக்கும் மேல் நின்ற கவாஸ்கர் 221-இல் அவுட். போத்தம் கைக்குப் பந்து வந்ததும் வரிசையாக விக்கெட் போயின. விஸ்வநாத் பதினைந்தோடு போனார். காற்று வேறு. முக்கியமான இடத்தில் ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. திரும்பித் தெளிவானபோது ஆட்டம் முடிந்திருந்தது. 8 விக்கெட்டுக்கு 429. டிரா. ஒன்பது ரன் குறைவு.

கேஷியர் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஒன்பது நன்றாகப் புரியும். நாள் முழுக்க லட்சக்கணக்கில் எண்ணிவிட்டு, சாயங்காலம் ஒன்பது ரூபாய் குறைந்தால் எண்ணிய லட்சத்தை யாரும் பேசமாட்டார்கள். அந்த ஒன்பதைத்தான் கேட்பார்கள்.

விஸ்வநாத்தை முன்னால் அனுப்பியிருக்க வேண்டுமா? இன்று கேட்டால் ஆமாம் என்பேன். லார்ட்ஸில் சதமடித்தவரைப் பின்னால் நிறுத்தியது சரியில்லை. அதே சமயம், கபில் இரண்டு சிக்ஸர் அடித்திருந்தால் இதே முடிவை மதியூகம் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒன்பது ரன் வந்திருந்தால் தொடர் 1-1, உலக சாதனை, கேப்டன் பெயர் கல்வெட்டில் ஏறியிருக்கும். வரவில்லை.

அணி ஊருக்குத் திரும்புகிறது. ஏர் இந்தியா விமானம். நடுவானில் விமானியின் அறிவிப்பு வருகிறது, இந்திய அணியின் புதிய கேப்டனாக சுனில் கவாஸ்கர் நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று. வெங்கட் அதே விமானத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். வாரியம் அவருக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பதவி போன செய்தியை, சீட் பெல்ட் போடச் சொல்லும் அதே ஒலிபெருக்கியில், தன் அணியினரோடும் மற்றப் பயணிகளோடும் சேர்ந்து கேட்கிறார். தரையில்கூட இல்லை, எழுந்து வெளியே போய் நிற்க வழியும் இல்லை.

இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று புரிய இன்னும் பல வருடம் ஆனது.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஹெட் கேஷியர் ஓய்வு பெற்றார். புது ஆள் வரும்வரை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏழு மாதம் ஸ்ட்ராங் ரூம் சாவி என் இடுப்பில். அந்தப் பதவி எனக்கே நிலைக்கும் என்று மேலே உள்ளவர்களும் ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை, கவுண்டருக்கு எதிரே கையில் பெட்டியோடு ஒரு இளைஞர். "சார், ஹெட் கேஷியர் போஸ்ட்டிங் ஆர்டர் வாங்கிட்டு வந்திருக்கேனுங்க. சாவி யாருகிட்டீங்க வாங்கோணும்?" என்றார். அவருக்கு என்ன தெரியும் பாவம். வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருப்பை எண்ணி, கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்தேன். மறுநாள் அதே கிளையில், அதே வாடிக்கையாளர்கள் முன்னால், பழைய கவுண்டரில் உட்கார வேண்டும். முதல் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. லீவு போட்டுவிடலாமா என்று யோசித்தேன். அப்போது நினைவுக்கு வந்தது அந்த விமானம்தான். இறங்கிய பிறகு அவர் என்ன செய்தார் என்று யோசித்துப் பார்த்தேன்.

அவர் ஆடினார். செப்டம்பர் 11-ஆம் தேதி, அந்த ஓவல் டெஸ்ட் முடிந்து ஒரே வாரத்தில், சொந்த ஊர் சென்னையில் ஆஸ்திரேலியாவுடன் தொடர் தொடங்கியது. அந்தத் தொடரில் கவாஸ்கர் தலைமையின் கீழ் வெங்கட் சாதாரண ஆட்டக்காரராக ஆடினார். அதன்பின் இந்திய அணியில் மூன்று வருடத்துக்கு மேல் இடமில்லை. ரஞ்சியில் தமிழ்நாட்டுக்குப் பந்து போட்டுக்கொண்டே இருந்தார். 1983-இல் முப்பத்தெட்டு வயதை நெருங்கும்போது மேற்கிந்தியத் தீவுகளுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். கேப்டன் கபில்தேவ், ஓவலில் அவர் முன்னால் அனுப்பிய அதே பையன். போனார். அந்த செப்டம்பரில் ஜலந்தரில் பாகிஸ்தானுடன் கடைசி டெஸ்ட். மொத்தம் 57 டெஸ்ட், 156 விக்கெட். எல்லா முதல்தர ஆட்டங்களும் சேர்த்து 1,390 விக்கெட். இந்தியர்களில் பேடி ஒருவர்தான் இதற்கு மேல்.

(நானும் மறுநாள் வேலைக்குப் போனேன். அவ்வளவுதான், வேறு பெருமை இல்லை.)

இங்கே ஒரு சின்ன விலகல். டெஸ்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய தமிழ்நாட்டுக்காரர்கள் இருவர். இன்னொருவர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். அவரும் கிண்டி இன்ஜினீயர்தான். 1989-இல் பாகிஸ்தானுக்கு அணியைக் கூட்டிப்போனார். இம்ரான், வாசிம் அக்ரம், புதிதாக வந்த வக்கார் யூனிஸ் ஆகியோருக்கு எதிரே நான்கு டெஸ்டையும் டிரா செய்து, தோற்காமல் திரும்பினார். பதினாறு வயது சச்சின் முதல் டெஸ்ட் ஆடியது இவர் தலைமையில். ஊர் திரும்பியதும் கேப்டன் பதவியும் இல்லை, அணியில் இடமும் இல்லை. சொந்த பேட்டிங் சரியில்லை என்பது காரணம், அதில் உண்மையும் உண்டு. பின்னாளில் அவரே தேர்வுக் குழுத் தலைவராகி, 2011 உலகக் கோப்பையை வென்ற அணியைத் தேர்ந்தெடுத்தார். இருவருக்கும் கிண்டியில் எதைச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, ஆனால் பதவி போனபின் வீட்டில் உட்கார்ந்து புலம்பச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெங்கட்டுக்கு வருவோம். ஓய்வு பெற்ற கேப்டன்கள் என்ன செய்வார்கள்? வர்ணனை, பத்திரிகைக் கட்டுரை, வாரியத்தில் பதவி. வெங்கட் அம்பயர் ஆனார். இது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய அம்பயர்கள் என்று நாம் சொல்லும் டிக்கி பேர்டும் டேவிட் ஷெப்பர்டும் கவுண்டி ஆட்டக்காரர்கள்தான், டெஸ்ட் ஆடியதில்லை. டெஸ்ட் அணிக்குக் கேப்டனாக இருந்தவர், மற்றவர்களின் தொப்பியையும் ஸ்வெட்டரையும் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் ஏழு மணி நேரம் நிற்க முன்வருவது சாதாரணமல்ல. தன்னைவிட இருபது வயது சின்னவர்கள் காது கிழியக் கத்தி முறையிடுவார்கள். தலையை ஆட்டி மறுக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலைத் தூக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் பதினொரு பேருக்கோ ஒருவருக்கோ பிடிக்காது.

அவர் அம்பயராக நின்ற முதல் டெஸ்ட் எங்கே என்று நினைக்கிறீர்கள்? 1993 ஜனவரி 29, இந்தியாவும் இங்கிலாந்தும், கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். டெல்லியில் கேப்டனாக இருந்துவிட்டு அடுத்த டெஸ்டில் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்தாரே, அதே மைதானம். பதினெட்டு வருடம் கழித்து, இரு அணியும் எவர் சொல்லைக் கேட்க வேண்டுமோ அவராக உள்ளே நடந்து வந்தார்.

அந்தச் சமயத்தில் கிரிக்கெட்டில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. உள்ளூர் அம்பயர் உள்ளூர் அணிக்குச் சாதகம் செய்கிறார் என்ற புகார் எல்லா நாட்டிலும் இருந்தது. நம் பொங்கல் மேட்சில் மாமனார் கதை மாதிரிதான். அதனால் 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு அம்பயர் வேற்று நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2002-இல் இருவருமே வெளியாட்கள் என்றானது. உலகம் முழுக்கத் தேடி எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து எலீட் பேனல் என்று அமைத்தார்கள். அந்த முதல் எட்டில் ஒரே இந்தியர் வெங்கட். 2004-இல் விலகும்வரை 73 டெஸ்டுக்கு நின்றார். ஆடியது 57, நின்றது 73, கூட்டினால் 130. இத்தனை டெஸ்டை ஆடுகளத்துக்கு உள்ளே நின்று பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது. 2003-இல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது.

கேப்டனாக அவர் கடுமையானவர், ஃபீல்டிங்கில் தவறு செய்தால் முகத்தில் காட்டிவிடுவார் என்று பேர் வாங்கியவர். நான் டி.வி.யில் பார்த்த அம்பயர் வெங்கட்டிடம் அந்தக் கோபம் இல்லை. முறையீடு வந்தால் உடனே கை போகாது. ஒரு கணம் அப்படியே நிற்பார். பிறகு முடிவு. பம்பாயில் படாத பந்துக்கு அவுட் வாங்கி நடந்து போனவர் அல்லவா, ஒரு விரல் தூக்கினால் எதிரே நிற்பவனுக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா என்று நான் நினைத்துக்கொள்வேன். அது என் நினைப்புதான். அவர் அப்படி எங்கும் சொல்லி நான் படித்ததில்லை. அவரும் தப்பு செய்திருப்பார், எல்லா அம்பயரும் செய்வார்கள், இப்போதுபோல் மூன்று கேமரா வைத்துத் திருத்தும் வசதி அப்போது இல்லை. இருந்தும் நாடு நாடாக, யார் யார் ஆடினாலும், இவர் நிற்கட்டும் என்று கூப்பிட்டார்கள். எந்த வாரியம் தன் கேப்டனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை என்று நினைத்ததோ, அந்தக் கேப்டனின் ஒரு வார்த்தைக்கு மற்ற எல்லா வாரியங்களின் அணிகளும் பத்து வருடம் கட்டுப்பட்டன.

பேரனிடம் இவ்வளவையும் சொன்னேன். கடைசிவரை கேட்டான். "அப்ப கபில்தேவை ஏன் முன்னாடி அனுப்பினாராம்?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேஸ்திரி உயிரோடு இருந்தவரை அவரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிற்க. அடுத்த மேட்ச் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு என்று இளைஞர் குழு முடிவு செய்திருக்கிறது. ஒரு முனையில் அம்பயராக நான் நிற்கத் தயார். என் மகனும் பேரனும் ஏ பிளாக்கில் ஆடுவதால், அவர்கள் பேட் செய்யும்போது மட்டும் நான் விலகிக்கொள்கிறேன். மறுமுனைக்கும் எனக்கு மாற்றாகவும் இரண்டு பேர் வேண்டும். இரு பிளாக்கிலும் ஆடும் உறவினர் இல்லாதவர்களாக இருந்தால் நல்லது. ஆண்கள்தான் வரவேண்டும் என்றில்லை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செக்யூரிட்டி மேசையில் உள்ள நோட்டில் எழுதிவிடுங்கள். தொப்பி சங்கத்தின் செலவு.